இன்னொரு செயலியைத் திறக்கும் பொத்தான்: என் போனில் வேலை செய்கிறது, முதலாளி போனில் இல்லை

ஈசூன்_நிரலன் | திங்கள், இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்கு ஆர்டர் செயலி செய்து கொடுத்திருக்கிறேன், ஃப்ளட்டரில் (ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே நிரலில் செயலி எழுதும் கருவி). அப்பாவின் பழைய நண்பர் கடை, அதனால் காசு கம்மி, திட்டு அதிகம். மற்றதெல்லாம் ஓடுகிறது, மூன்று பொத்தான்கள்தான் உயிரை வாங்குகின்றன. முதலாவது "கடைக்கு வாட்ஸ்அப்". இரண்டாவது "பணம் செலுத்து", அதை அழுத்தினால் வாடிக்கையாளரின் வங்கிச் செயலி திறக்க வேண்டும் என்கிறார் முதலாளி. மூன்றாவது லாரி ஓட்டும் அண்ணனுக்கு, அவருக்கென்று தனியாகச் செய்த செயலியில், "வழி காட்டு", வரைபடச் செயலி திறந்து நேராக புளோக்குக்குக் கூட்டிப் போக வேண்டும்.

என் போன் பழசு, ஆண்ட்ராய்டு 10. அதில் வாட்ஸ்அப்பும் வரைபடமும் ஜோராகத் திறக்கின்றன. முதலாளி போன மாதம் வாங்கிய புதுப் போனில் எதை அழுத்தினாலும் "வாட்ஸ்அப் இந்தப் போனில் இல்லை" என்று என் செயலியே சொல்கிறது. அந்தத் திரையைப் படம் பிடித்து அவர் எனக்கு அனுப்புகிறார். எதில்? வாட்ஸ்அப்பில். அதே போனிலிருந்து.

நான் எழுதியிருப்பது எளிமையான விஷயம்தான். இந்த இணைப்பைத் திறக்க முடியுமா என்று கேன்லான்ச்யூஆர்எல் வழியாக முதலில் கேட்கிறேன், ஆம் என்றால் லான்ச்யூஆர்எல் அதைத் திறக்கும், இல்லை என்றால் அந்தச் செய்தி. இணைப்பின் ஸ்கீம், அதாவது முன்னொட்டு, 'வாட்ஸ்அப்://'. எங்கே தப்பு?

புவாங்கோக்_அக்கா | திங்கள், இரவு 11:48

தம்பி, திறப்பதில் தப்பில்லை, திறப்பதற்கு முன்னால் கேட்கிறாயே ஒரு கேள்வி, அதில்தான் தப்பு.

2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11இல் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். உன் செயலி ஏபிஐ 30, அதாவது ஆண்ட்ராய்டு 11, அல்லது அதற்கு மேல் குறிவைத்துக் கட்டப்பட்டு, ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய போனில் ஓடினால், அந்தப் போனில் வேறு என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்பது உனக்குத் தெரியாது. வாட்ஸ்அப் இருக்கிறதா என்று கேட்டால், இருந்தாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். உன் ஆண்ட்ராய்டு 10இல் அந்தக் கட்டுப்பாடே கிடையாது. அதனால்தான் உன்னிடம் ஓடுகிறது, அவரிடம் படுக்கிறது. ஃப்ளட்டரை விட்டு நேராக ஜாவாவிலோ காட்லினிலோ எழுதினாலும் இதே கதைதான், கெட்லான்ச்இன்டென்ட்ஃபார்பேக்கேஜ் என்று கேட்டால் 'நல்', அதாவது வெறுமை, திரும்பி வரும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மேனிஃபெஸ்ட் கோப்பில் (செயலி தன்னைப் பற்றி ஆண்ட்ராய்டுக்குச் சொல்லும் கோப்பு) 'க்வெரீஸ்' என்ற பகுதியைச் சேர்த்து, நான் இந்த இந்தச் செயலிகளைப் பற்றிக் கேட்பேன் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. அதில் பேக்கேஜ் பெயரையே, அதாவது ஒவ்வொரு செயலிக்கும் உள்ள தனிப் பெயரையே கொடுக்கலாம், அல்லது இந்த ஸ்கீமைத் திறக்கக்கூடிய எதுவானாலும் என்று பொதுவாகவும் கொடுக்கலாம். இன்னொன்று, கேட்பதையே விட்டுவிடுவது. பார்க்கத்தான் தடை, திறக்கத் தடை இல்லை. நேராக ஸ்டார்ட்ஆக்டிவிட்டி கூப்பிடு, அப்படி ஒரு செயலி நிஜமாகவே இல்லையென்றால் ஆக்டிவிட்டிநாட்ஃபவுண்ட் பிழை வரும், அதைப் பிடித்து அங்கே மாற்று வழி காட்டு. ஃப்ளட்டரில் என்றால் நேராக லான்ச்யூஆர்எல் கூப்பிட்டு, அது 'ஃபால்ஸ்' தந்தாலும் பிழை எறிந்தாலும் இரண்டையும் பிடி. நான் பத்துக்கு ஒன்பது முறை இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன்.

யாராவது வந்து 'க்வெரி ஆல் பேக்கேஜஸ்' அனுமதியைப் போடு, எல்லாம் தெரியும் என்பார்கள். மளிகைக் கடைச் செயலிக்கு அது எதற்கு? பிளே ஸ்டோர் கொள்கைப்படி அந்த அனுமதி, போனில் உள்ள செயலிகளைப் பார்ப்பதே தன் அடிப்படை வேலையாக இருக்கிற செயலிகளுக்குத்தான். வைரஸ் தேடும் செயலி, கோப்பு நிர்வகிக்கும் செயலி, அந்த மாதிரி.

ஆப்பிள்தோட்டம் | செவ்வாய், காலை 8:05

ரயிலில் இருந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஐபோனிலும் இதே கதை, ஆண்ட்ராய்டுக்கு ஐந்து வருடம் முன்னாலேயே நடந்தது. 2015இல் ஐஓஎஸ் 9 வந்தபோது கேன்ஓப்பன்யூஆர்எல்லுக்குக் கடிவாளம் போட்டார்கள். அதுவரை செயலிகள் நூற்றுக்கணக்கான ஸ்கீம் பெயர்களை வரிசையாகக் கேட்டு, இவர் போனில் எந்த வங்கி, எந்த விளையாட்டு, எந்தக் காதல் செயலி என்று பட்டியல் போட்டு விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. இப்போது நீங்கள் கேட்கப்போகும் ஸ்கீம்களை, மேனிஃபெஸ்ட் மாதிரியான இன்ஃபோ.பிலிஸ்ட் கோப்பில் 'எல்எஸ் அப்ளிகேஷன் க்வெரீஸ் ஸ்கீம்ஸ்' என்ற தலைப்பின் கீழ் எழுத வேண்டும். 50க்கு மேல் கிடையாது. எழுதாததைக் கேட்டால் எப்போதும் 'இல்லை'. ஆனால் அக்கா சொன்ன மாதிரிதான், ஓப்பன் கூப்பிடுவதற்கு அந்தப் பட்டியல் தேவையே இல்லை.

ஆண்ட்ராய்டிலிருந்து வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்விக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். ஐபோனில் பேக்கேஜ் பெயரை, அதாவது பண்டில் ஐடியைக் கொடுத்து ஒரு செயலியைத் திறக்கப் பொது வழி கிடையாது. அந்தச் செயலி தனக்கென்று ஒரு ஸ்கீமோ யூனிவர்சல் லிங்கோ (செயலியையே திறக்கும் சாதாரண இணைய முகவரி) வைத்திருந்தால் திறக்கலாம், இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

இதில் ஸ்கீமை விட இணைய முகவரி எவ்வளவோ மேல். 'வாட்ஸ்அப்://' என்பதற்குப் பதில் அவர்களே கொடுக்கிற 'டபிள்யூஏ.எம்இ' முகவரியைப் போடுங்கள், பின்னால் நாட்டுக் குறியீடு 65ஓடு சேர்த்து எண், பிளஸ் குறி வேண்டாம். வாட்ஸ்அப் இருந்தால் அது திறக்கும், இல்லையென்றால் உலாவியில் அவர்கள் பக்கம் வரும், பொத்தான் செத்துக் கிடக்காது. ஃப்ளட்டரில் மோட் என்ற இடத்தில் எக்ஸ்டர்னல்அப்ளிகேஷன் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் இணைய முகவரிகள் உங்கள் செயலிக்குள்ளேயே ஒரு குட்டி உலாவியில் திறக்கும், முதலாளி மறுபடியும் படம் பிடித்து அனுப்புவார்.

ஈசூன்_நிரலன் | செவ்வாய், இரவு 9:30

அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. கேள்வியைத் தூக்கிவிட்டேன், முகவரியை மாற்றினேன், முதலாளி போனில் வாட்ஸ்அப் திறக்கிறது!

இப்போது புதுக் கூத்து. ஆர்டர் விவரத்தை 'டெக்ஸ்ட்' பகுதியில் வைத்து அனுப்புகிறேன். பொன்னி அரிசி 5 கிலோ ஒன்று, துவரம் பருப்பு இரண்டு, பிறகு முகவரி, பிறகு மொத்தத் தொகை என்று போக வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவது இவ்வளவுதான்:

"பொன்னி அரிசி 5 கிலோ x 1, துவரம் பருப்பு 1 கிலோ x 2, புளோக் 214, "

அதோடு நின்றுவிடுகிறது. மாடி எண்ணும் இல்லை, தொகையும் இல்லை. வேறொரு வாடிக்கையாளர் தரைவீட்டுக்காரர், அவர் ஆர்டர் முழுதாக வருகிறது. சொன்னால் சிரிப்பீர்கள், வீவக வீடு (அரசு அடுக்குமாடி) என்றால் வெட்டுகிறது, தரைவீடு என்றால் வெட்டுவதில்லை.

கோப்பி_ஓ_கொசோங் | செவ்வாய், இரவு 9:41

சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். நானும் இதில் ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தவன்.

வீவக முகவரியில் மாடி எண்ணை எப்படி எழுதுகிறோம்? #08-112. அந்த # குறிதான் வில்லன். இணைய முகவரியில் # வந்தால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் பக்கத்துக்குள் உள்ள ஓர் இடத்தைக் குறிக்கிறது என்று அர்த்தம், கேள்விப் பகுதி அங்கேயே முடிந்துவிடும். தரைவீட்டில் # இல்லை, அதனால் பிழைத்தது. செய்தி முழுவதையும் யூஆர்ஐ.என்கோட்கம்போனன்ட் வழியாக அனுப்பு, # என்பது %23 ஆக மாறிவிடும். '&' குறிக்கும் இதே கதிதான். உன் கடையில் 'சால்ட் & பெப்பர்' முந்திரி விற்றால் அதுவும் பாதியில் நிற்கும்.

வரைபடப் பொத்தானுக்கும் இதையே பார். அங்கே மாடி எண்ணே தேவையில்லை, லாரி எட்டாவது மாடிக்கு ஏறப்போவதில்லை. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு மட்டும் போதும், 1995இலிருந்து வீவக புளோக் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கிறது. மாடி எண்ணைப் பெரிய எழுத்தில் உன் செயலித் திரையிலேயே காட்டு.

ஈசூன்_நிரலன் | செவ்வாய், இரவு 10:15

%23! இவ்வளவு நேரமும் வாட்ஸ்அப்பில் நீளக் கட்டுப்பாடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, அடுத்தது பெரிய தலைவலி. பேநவ், அதாவது இங்கே வங்கிக்கு வங்கி உடனே பணம் அனுப்பும் முறை. எல்லா வங்கிச் செயலியையும் திறக்க ஒரே இணைப்பு இருக்குமா? ஒரு வங்கியின் ஸ்கீம் பெயரை இணையத்தில் எங்கேயோ பிடித்தேன், அது திறக்கிறது, ஆனால் முகப்புத் திரைக்குத்தான் போகிறது. தொகையை உள்ளே தள்ள முடியவில்லை.

திருச்சி2புங்கோல் | செவ்வாய், இரவு 10:33

ஊரில் இது எவ்வளவு சுலபம் தெரியுமா ப்ரோ. 'யூபிஐ://பே' என்று ஒரே இணைப்பு, அதில் பெறுபவர் முகவரி, பெயர், தொகை, நாணயம், குறிப்பு எல்லாம் வைத்துவிட்டால் ஆண்ட்ராய்டு போனில் உள்ள அத்தனை பணச் செயலிகளையும் வரிசையாகக் காட்டி எதில் கட்டுகிறாய் என்று கேட்கும். தேர்ந்தெடுத்தால் தொகை நிரப்பியே இருக்கும், பின் எண்ணைப் போட வேண்டியதுதான். இங்கே வந்த புதிதில் மாத வாடகை கட்டும் செயலியில் 'க்யூஆர் படத்தைச் சேமித்துக்கொள்ளவும்' என்று வந்ததும் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டேன்.

ஆப்பிள்தோட்டம் | செவ்வாய், இரவு 10:50

அந்த யூபிஐ இணைப்பையே ஐபோனில் அழுத்திப் பாருங்கள். ஐபோனில் ஒரே ஸ்கீமை இரண்டு மூன்று செயலிகள் எனக்கு என்று சொந்தம் கொண்டாடினால், எது திறக்கும் என்பதற்கு விதியே கிடையாது, எதில் கட்டுகிறாய் என்ற பட்டியலும் வராது. பணத்தை விடுங்கள், உள்நுழைவுக் குறியீடு ஒன்று ஸ்கீம் வழியாகத் திரும்பி வருகிறது என்று வையுங்கள். அதே ஸ்கீம் பெயரை வைத்துக்கொண்ட வேறு ஒரு திருட்டுச் செயலி அதை வாங்கிக்கொள்ள முடியும். அதற்காகவே 2015இல் பிகேசிஇ என்ற முறை வந்தது. குறியீட்டைப் பிடித்தவன் கையில் அதோடு சேர வேண்டிய ரகசியம் இருக்காது, அதனால் அது அவனுக்குப் பயன்படாது.

ராத்திரிஷிஃப்ட் | புதன், அதிகாலை 2:12

நான் ஒரு வங்கியில் பாதுகாப்புப் பரிசோதனை பக்கம். எந்த வங்கி என்று கேட்காதீர்கள்.

ஈசூன் தம்பி, இணையத்தில் பிடித்த அந்த ஸ்கீமை முதலில் தூக்கு. ஆவணத்தில் எழுதி, இதைப் பயன்படுத்திக்கொள் என்று கொடுத்தால் அது ஒப்பந்தம். யாரோ செயலியைப் பிரித்துப் பார்த்துக் கண்டெடுத்தது அடுத்த புதுப்பிப்பில் காணாமல் போகும், உன்னிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். பொத்தான் செத்தால் முதலாளி உன்னைத்தான் கூப்பிடுவார்.

பேநவ் 2017 ஜூலையில் வந்தது, எஸ்ஜிக்யூஆர் என்ற பொது க்யூஆர் 2018 செப்டம்பரில். இங்கே கடைக்கும் வங்கிக்கும் பொது மொழி க்யூஆர்தான். அதனால் செய்ய வேண்டியது இது: கடையின் யூஇஎன் எண் (நிறுவனப் பதிவு எண்), தொகை, தொகையை மாற்ற முடியாது என்ற குறி, ஆர்டர் எண், இதெல்லாம் வைத்து க்யூஆர் சரத்தை (க்யூஆருக்குள் இருக்கும் எழுத்து வரிசை) உருவாக்கு. அதே போன் திரையில் உள்ள க்யூஆரை அதே போனின் கேமராவால் படிக்க முடியாது, அதனால் 'படமாகச் சேமி' பொத்தான் வை. வாடிக்கையாளர் தன் வங்கிச் செயலியைத் தானே திறந்து, க்யூஆர் பகுதியில் படத்தொகுப்பிலிருந்து எடுத்தால் தொகையும் ஆர்டர் எண்ணும் நிரம்பி வரும். ஐபோனில் படம் சேமிக்க அனுமதிக் குறிப்பை இன்ஃபோ.பிலிஸ்ட்டில் எழுத மறந்தால் செயலி அங்கேயே விழுந்துவிடும். ஆண்ட்ராய்டு 10 முதல் மீடியாஸ்டோர் வழியாகச் சேமித்தால் அனுமதியே கேட்க வேண்டாம்.

"தானே திறக்கட்டும்" என்பது உனக்கு அசிங்கமாகத் தோன்றும். ஆனால் ஊர் நிலவரத்தைப் பார். 2021 டிசம்பரில் போலிக் குறுஞ்செய்தி இணைப்பை நம்பிப் பலர் சேமிப்பைப் பறிகொடுத்தார்கள். அடுத்த மாதமே, 2022 ஜனவரியில், சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து, வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் அழுத்தக்கூடிய இணைப்பே இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தன. இணைப்பை அழுத்தி வங்கிக்குள் போகாதே என்று அம்மா அப்பாவுக்கு நாம் அத்தனை முறை சொல்லிவிட்டு, நாமே இணைப்பு வைத்து உள்ளே தள்ளுவது எப்படி?

இன்னொன்று. உன் செயலிக்குத் திரும்பி வந்ததை வைத்துப் 'பணம் வந்துவிட்டது' என்று எழுதிவிடாதே. திரும்பி வருகிறவர் பணம் கட்டியும் வரலாம், வங்கிக் கணக்கில் மிச்சம் பார்த்துவிட்டுக் கட்டாமலும் வரலாம். கடைக் கணக்கில் ஆர்டர் எண்ணோடு பணம் விழுந்ததா என்பதுதான் சாட்சி.

கோப்பி_ஓ_கொசோங் | புதன், காலை 9:02

ராத்திரி அண்ணன் சொல்வது நியாயம்தான், ஆனால் ஒரு வாடிக்கையாளனாகச் சொல்கிறேன், அந்தப் படம் சேமிக்கிற வேலை எரிச்சல். என் படத்தொகுப்பில் பேத்தி படம் ஒன்று, க்யூஆர் ஒன்று, பேத்தி படம் ஒன்று, க்யூஆர் ஒன்று என்று இருக்கிறது. போன வாரம் பழைய க்யூஆரை எடுத்து, போன மாத ஆர்டருக்கு மறுபடி பணம் கட்டப்போனேன்.

ராத்திரிஷிஃப்ட் | புதன், காலை 9:20

க்யூஆர் சரத்தில் காலாவதி நாள் வைக்க இடம் இருக்கிறது. தம்பி, அதை நிரப்பு. நான் தூங்கப் போகிறேன்.

புவாங்கோக்_அக்கா | புதன், மதியம் 1:10

இரண்டு முறை கட்டுவது என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது, ஈசூன் தம்பி இதைக் கட்டாயம் படி.

முன்பு வேலை பார்த்த இடத்தில் உணவு ஆர்டர் செயலி ஒன்று. ஆள் கூடையை நிரப்புவார், பணம் கட்ட வேறு செயலிக்குப் போவார், கட்டிவிட்டுத் திரும்பி வந்தால் கூடை காலி, முகப்புத் திரை புதிதாக நிற்கும். 'ஐயோ போகவில்லை போல' என்று மறுபடியும் எல்லாவற்றையும் போட்டு மறுபடியும் கட்டுவார். ஓர் அம்மா 86 வெள்ளி 40 காசை இரண்டு முறை கட்டிவிட்டு அழாத குறையாகக் கூப்பிட்டார். எங்கள் அலுவலகத்தில் யார் போனிலும் அது நடக்கவே இல்லை. மூன்று வாரம் தேடினோம்.

காரணம் என்ன என்றால், எங்கள் எல்லாரிடமும் இருந்தது நினைவகம் நிறைந்த போன். அந்த அம்மாவிடம் இருந்தது சின்னப் போன். கனமான செயலி ஒன்று முன்னால் வந்ததும் ஆண்ட்ராய்டு இடம் போதாமல் பின்னால் இருந்த எங்கள் செயலியைக் கொன்றுவிட்டது. இது பிழை இல்லை, ஆண்ட்ராய்டு அப்படித்தான் வேலை செய்யும். இன்னொரு செயலியைத் திறக்கிறாய் என்றால் நீ பின்னணிக்குப் போகிறாய், பின்னணிக்குப் போனவர் திரும்பி வரும்வரை உயிரோடு இருப்பார் என்று உத்தரவாதம் கிடையாது. அதனால் பொத்தானை அழுத்தியதும் முதலில் ஆர்டரைச் சர்வரில் எழுது, எண் வாங்கு, அந்த எண்ணைப் போனிலும் எழுது, அதற்குப் பிறகுதான் அடுத்த செயலியைத் திற. திரும்பத் திறக்கும்போது முடிவாகாத ஆர்டர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முகப்பைக் காட்டாமல் அந்த ஆர்டரைக் காட்டு.

இதைச் சோதிக்கச் சின்னப் போன் வாங்க வேண்டியதில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு ஒரு முறை முழு ஆர்டரையும் செய்து பார். செயலியையே கொன்று பார்க்க வேண்டுமென்றால், அது பின்னணியில் இருக்கும்போது ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக 'ஏஎம் கில்'.

ஈசூன்_நிரலன் | புதன், இரவு 11:05

அக்கா, போட்டுப் பார்த்தேன். கூடை காலி. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இன்றைக்கு முழுவதும் அதுதான் வேலை, முடித்துவிட்டேன்.

க்யூஆர் படமும் முடிந்தது. கடைக்குப் போய் முதலாளி கையில் கொடுத்தேன். படம் சேமித்தார், வெளியே வந்து தன் வங்கிச் செயலியைத் திறந்தார், அது ஏதோ பெரிய எச்சரிக்கை காட்டி மூடிக்கொண்டது! ஆபத்தான செயலி இருக்கிறதாம், நீக்கினால்தான் திறப்பேன் என்கிறது. கடையில் நான்கு வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள், "என் போன்ல என்னடா பண்ணினே" என்று கேட்கிறார். என் ஆர்டர் செயலி இதற்குக் காரணமாக இருக்க முடியாது, அது பிளே ஸ்டோரில்தான் இருக்கிறது.

ராத்திரிஷிஃப்ட் | வியாழன், அதிகாலை 1:30

லாரி அண்ணனுக்கான செயலியை எப்படிக் கொடுத்தாய்?

ஈசூன்_நிரலன் | வியாழன், அதிகாலை 1:34

ஏபிகே கோப்பாக, அதாவது நிறுவும் கோப்பையே நேராக, வாட்ஸ்அப்பில். முதலாளியும் பார்க்க வேண்டும் என்று தன் போனிலும் போட்டுக்கொண்டார்.

ராத்திரிஷிஃப்ட் | வியாழன், அதிகாலை 1:36

அதில் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி இருக்கிறதா?

ஈசூன்_நிரலன் | வியாழன், அதிகாலை 1:37

இருக்கிறது... ஓடிபி தானாக நிரம்பட்டும் என்று.

ராத்திரிஷிஃப்ட் | வியாழன், அதிகாலை 1:58

அதுதான். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வந்த ஏபிகே, கூடவே குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி. இங்கே மோசடிக்காரர்கள் செய்வது அச்சு அசலாக இதையேதான்: மலிவு விலையில் மீன், வீடு சுத்தம் செய்ய ஆள் என்று விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பி, போடச் சொல்லி, ஓடிபியைப் படிப்பார்கள். 2023இலிருந்து இங்குள்ள வங்கிச் செயலிகள் இந்த மாதிரி செயலி போனில் இருந்தால் திறக்க மறுக்கின்றன. 2024 பிப்ரவரியில் கூகல், இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியதும் முதலில் சிங்கப்பூரில்தான். வெளியிலிருந்து இறக்கும் செயலி குறுஞ்செய்தியைப் பெற, படிக்க, அறிவிப்புகளைக் கேட்க, அக்சஸிபிலிட்டியை (திரையைப் படித்து இயக்கும் வசதி) பயன்படுத்த என்று இந்த நான்கில் ஒன்றைக் கேட்டாலும் கூகலின் பாதுகாப்புச் சோதனையான பிளே ப்ரொடெக்ட் அதை நிறுவவே விடாமல் தடுக்க வேண்டும், உன்னுடையது எப்படியோ தப்பிவிட்டது. வங்கிச் செயலியின் கண்ணில் உன் லாரிச் செயலிக்கும் மலிவு மீன் செயலிக்கும் வித்தியாசம் கிடையாது, தப்பாக நினைத்துக்கொள்ளாதே.

செய்ய வேண்டியது: முதலாளி போனிலிருந்து அதை இப்போதே நீக்கு. லாரி அண்ணனுக்கு பிளே ஸ்டோரின் இன்டர்னல் டெஸ்டிங் வழியாகக் கொடு, 100 பேர் வரை சேர்க்கலாம், உனக்கு இரண்டு பேர்தான். ஓடிபிக்கு எஸ்எம்எஸ் ரிட்ரீவர் பயன்படுத்து, அதற்கு அனுமதியே தேவையில்லை, அனுப்பும் குறுஞ்செய்தியின் கடைசியில் உன் செயலிக்கான 11 எழுத்துக் குறியீட்டைச் சேர்த்தால் அந்த ஒரு செய்தி மட்டும் உன்னிடம் வரும்.

ஈசூன்_நிரலன் | வியாழன், மாலை 6:40

நீக்கியதும் வங்கிச் செயலி திறந்துவிட்டது. முதலாளி இன்னும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார், ஆனால் டீ வாங்கிக் கொடுத்தார்.

லாரி அண்ணனிடம் ஐபோனும் ஒன்று இருக்கிறது, அதில் ஒரு கேள்வி. வழி பார்த்து முடித்தபின் என் செயலிக்குத் திரும்பத் தெரியவில்லை என்கிறார், மறுபடி முகப்புக்குப் போய்த் தேடுகிறாராம்.

ஆப்பிள்தோட்டம் | வியாழன், மாலை 7:15

வரைபடத் திரையின் இடது மேல் மூலையில் உங்கள் செயலிப் பெயரோடு ஒரு குட்டி அம்பு இருக்கும், ஐஓஎஸ் 9இலிருந்து உண்டு. எறும்பு மாதிரி இருக்கும், வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஒரு முறை காட்டிக்கொடுங்கள், வண்டியை நிறுத்தி வைத்து. ஆண்ட்ராய்டில் பொதுவாகப் பின்செல்லும் சைகையிலேயே வந்துவிடலாம், ஆனால் சில செயலிகள் தனி டாஸ்கில் திறந்துகொள்ளும், அப்போது அண்மைச் செயலிகள் பட்டியலுக்குத்தான் போக வேண்டும்.

பாலி_மூன்றாமாண்டு | வியாழன், இரவு 10:22

அண்ணன்மார்களே, அக்கா, இடையில் நுழைகிறேன். எங்கள் இறுதியாண்டுத் திட்டம் இரண்டு செயலிகள், தொண்டூழியர்களுக்கு ஒன்று, ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றைத் திறக்க வேண்டும். இரண்டும் எங்களுடையது. இழையைப் படித்துவிட்டு ஸ்கீமை விட்டு இணைய முகவரிக்கு மாறினோம், இந்த முகவரி எங்கள் செயலியுடையது என்று சொல்லும் அசெட்லிங்க்ஸ் கோப்பை எங்கள் தளத்தில் '.வெல்-நோன்' அடைவில் வைத்தோம். என் கணினியிலிருந்து போனுக்கு ஏற்றினால் செயலி திறக்கிறது. பிளே ஸ்டோர் சோதனைத் தடத்திலிருந்து இறக்கினால் உலாவிதான் திறக்கிறது.

புவாங்கோக்_அக்கா | வியாழன், இரவு 10:40

செயலிக்குக் கையெழுத்துப் போடச் சாவி ஒன்று உண்டு, அந்தக் கோப்பில் எந்தச் சாவியின் எஸ்எச்ஏ-256 கைரேகையை (சாவியை அடையாளம் காட்டும் எழுத்து வரிசை) போட்டீர்கள்? உங்கள் கணினியில் உள்ள சாவியுடையதாக இருக்கும். பிளே ஸ்டோரில் ஏற்றினால் கூகல் தன்னிடம் உள்ள சாவியால் மறுபடி கையெழுத்துப் போட்டுத்தான் போனுக்கு அனுப்புகிறது, கைரேகை மாறிவிடும். பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தில் அவர்கள் சாவியின் கைரேகை இருக்கும், அதையும் எடுத்துச் சேருங்கள். ஆண்ட்ராய்டு 12இலிருந்து சரிபார்ப்பு தோற்றால் யாரையும் கேட்காமல் உலாவிக்குத்தான் போகும். சரிபார்ப்பு என்ன ஆனது என்று பார்க்க, ஏடிபி ஷெல்லில் 'பிஎம் கெட்-ஆப்-லிங்க்ஸ்' என்று உங்கள் பேக்கேஜ் பெயரோடு கொடுங்கள், 'வெரிஃபைட்' என்று வர வேண்டும்.

இன்னொன்று, ஏற்பாட்டாளர் செயலி இணைப்பில் வருவதை அப்படியே நம்பி நடவடிக்கை எடுக்கக் கூடாது. இணைப்பில் 'நீக்கு' என்று வந்தால் நீக்கும் திரையைக் காட்டு, நீக்கிவிடாதே. அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் ஒரு செய்தியில் வைத்து அனுப்பலாம்.

ஆப்பிள்தோட்டம் | வியாழன், இரவு 10:52

ஐபோன் பக்கம் செய்யும்போது நினைவில் வையுங்கள், அங்கே இதே வேலையைச் செய்யும் கோப்புக்குப் பின்னொட்டு கிடையாது, வழிமாற்றமும் கூடாது. ஐஓஎஸ் 14இலிருந்து போன் உங்கள் சர்வரிடம் நேராக வராது, ஆப்பிளின் இடைச் சேமிப்பிலிருந்து வாங்கும். கோப்பைத் திருத்திய அடுத்த நிமிடம் சோதித்துவிட்டு ஓடவில்லை என்று அழாதீர்கள்.

பாலி_மூன்றாமாண்டு | வெள்ளி, மதியம் 12:31

அக்கா, இரண்டு கைரேகையும் போட்டேன். இப்போது கணினியிலிருந்து ஏற்றினாலும் திறக்கவில்லை! இருந்ததும் போச்சு.

கோப்பி_ஓ_கொசோங் | வெள்ளி, மதியம் 12:38

இரண்டு கைரேகைக்கும் நடுவில் கமா வைத்தாயா?

பாலி_மூன்றாமாண்டு | வெள்ளி, மதியம் 12:46

...வெரிஃபைட். கமாதான்.